கிடைத்த இடமும் வைத்த இடமும்: இலங்கை நூதனசாலைகளின் வழியே ஒரு பயணம்

இலங்கையில் நூதனசாலை என்னும் நிறுவனத்தின் வரலாறு 1877 ஜனவரி 1 ஆம் திகதி கொழும்பில் தொடங்குகிறது. ஆளுநர் வில்லியம் ஹென்றி கிரெகரி எடுத்த முயற்சியால், ஜேம்ஸ் ஸ்மிதர் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டத்தின்படி, வாப்புச்சி மரிக்கார் என்னும் ஒப்பந்தகாரர் கட்டி முடித்த வெள்ளை மாளிகையே நாட்டின் முதல் நூதனசாலையாகும். அதன் பின்வந்த ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் நாடெங்கும் நூதனசாலைகள் பெருகின. ஆயினும் அவற்றுள் முக்கியமானவை பெரும்பாலும் மூன்று அரச நிறுவனங்களின் கையிலேயே உள்ளன. கொழும்பு, கண்டி, காலி, இரத்தினபுரி போன்ற இடங்களில் உள்ளவற்றைத் தேசிய நூதனசாலைகள் திணைக்களம் நடத்துகிறது. அகழாய்வு நடந்த பழைய நகரங்களையும் மாவட்டங்களையும் சார்ந்தவற்றைத் தொல்பொருளியல் திணைக்களம் பராமரிக்கிறது. அனுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா முதலிய பெரிய மரபுரிமைத் தலங்களில் உள்ள புதிய கூடங்களை 1980 இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட மத்திய கலாசார நிதியம் கவனிக்கிறது. இந்தப் பிரிவினை அலுவலக விவகாரம் போலத் தோன்றினாலும் பயணிக்கு அது நேரடியாகவே தேவைப்படும் செய்தியாகும்; ஏனெனில் ஒரு நிறுவனத்தின் நுழைவுச்சீட்டு மற்றொன்றின் வாயிலில் செல்லாது என்பதோடு, மூடியிருக்கும் நாள்களும் நிழற்படம் எடுப்பதற்கான விதிகளும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

நூதனசாலையில் வைக்கப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று அது கிடைத்த இடம். மற்றொன்று இப்போது வைக்கப்பட்டுள்ள இடம். இவ்விரண்டுக்கும் இடையே அப்பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த ஆண்டில், என்ன காரணத்தால் மாறியது என்பதை ஆய்வாளர்கள் உடைமை வரலாறு என்று வழங்குவர். கண்ணாடிப் பேழையின் அருகிலுள்ள சிறு பலகை பொதுவாகப் பொருளின் பெயரையும் நூற்றாண்டையும் சொல்வதோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஒரு பொருள் வரலாற்றுச் சான்றாக நிற்பதற்கும் வெறும் அழகுப் பொருளாகச் சுருங்குவதற்கும் இடையிலான வேறுபாடு இந்த உடைமை வரலாற்றில்தான் அடங்கியுள்ளது. இலங்கை போன்ற, பழமைக்கு உரிமை கோருவதே அரசியலாகிவிட்ட நாட்டில், இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு நூதனசாலைக்குள் நுழைபவருக்கு, சுவரில் எழுதப்படாத பல செய்திகள் புலப்படும்.

வடக்கிலிருந்து தெற்கு நோக்கிய பயணத்தை மானிப்பாயிலிருந்து தொடங்குவதற்கு நல்ல காரணம் உண்டு. மானிப்பாய்க்கும் யாழ்ப்பாண நகருக்கும் இடையில், இன்று பஸ்ஸில் சில நிமிடங்களில் கடந்துவிடக்கூடிய ஆனைக்கோட்டையில், 1980 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கா. இந்திரபாலா, பொ. இரகுபதி ஆகியோரின் குழு பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமப் புதைகுழியை அகழ்ந்தது. பெருங்கற்காலப் பண்பாடு என்பது இரும்பின் பயன்பாடு, கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள், இறந்தோரைத் தனி முறைகளில் அடக்கம் செய்யும் வழக்கம் ஆகியவற்றால் அடையாளங் காணப்படும், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவியிருந்த ஒரு வாழ்க்கை முறையாகும். அப்புதைகுழியில் எலும்புக்கூட்டோடு ஒரு சிறு முத்திரை கிடைத்தது. கணையாழியின் பகுதியாக இருந்ததெனக் கருதப்படும் அம்முத்திரையில், ஒரு வரியில் பெருங்கற்காலக் குறியீடுகளும் மற்றொரு வரியில் பிராமி எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருந்தன. பிராமி என்பது தென்னாசியாவின் பெரும்பாலான எழுத்துகளுக்கு மூலமான பழைய வரிவடிவமாகும். அந்த வரியை ‘கோவேத’ என்று படித்த அறிஞர்கள், அது குறுநிலத் தலைவர் ஒருவரோடு தொடர்புடைய பெயராகலாம் எனக் கருதினர். எழுத்தறியாத காலத்தின் குறியீடும் எழுத்தறிந்த காலத்தின் வரியும் ஒரே முத்திரையில் அருகருகே நிற்பது அரிதான சான்றாகும். அது யாரிடமேனும் விலைக்கு வாங்கப்பட்ட பொருளாக இருந்திருப்பின் இத்தனை மதிப்புப் பெற்றிருக்காது. எந்த மண்ணடுக்கில், எந்த எலும்புக்கூட்டின் அருகில், எவ்வகை மட்பாண்டங்களோடு கிடந்தது என்பது பதிவு செய்யப்பட்டிருப்பதனாலேயே அது பேசுகிறது.

மானிப்பாய்க்கு வடகிழக்கே, உடுவிலுக்கு அப்பால் உள்ள கந்தரோடையின் நிலை சற்று வேறு. அங்கு நீதித்துறை அதிகாரியும் வரலாற்றறிஞருமான போல் ஈ. பீரிஸ் 1917 முதல் 1919 வரையான காலத்தில் முதலாவது ஆய்வை நடத்தி, பழைய நாணயங்கள், இலட்சுமி உருவம் பொறித்த உலோகத் தகடுகள், உரோம நாணயங்கள், புத்தர் சிலைகளின் பகுதிகள் ஆகியவற்றை வெளிக்கொணர்ந்தார். பின்னர் 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் குழுவொன்று அதே ஊரில் அகழ்ந்து, பௌத்தச் சின்னங்களுக்கு முந்திய பெருங்கற்காலக் குடியிருப்பு கீழடுக்குகளில் இருப்பதைக் காட்டியது. சுண்ணக்கல்லால் ஆன சிறு தூபிகள் கூட்டமாக நிற்கும் அவ்விடத்துக்கு இன்று வரும் பேருந்துப் பயணிகளுக்குச் சொல்லப்படும் கதை பெரும்பாலும் மேலடுக்கோடு முடிந்துவிடுகிறது. தமிழ் பேசிய மக்களிடையேயும் பௌத்தம் தழைத்திருந்தது என்பதும், காஞ்சிபுரமும் நாகப்பட்டினமும் நெடுங்காலம் பௌத்த நிலையங்களாக விளங்கின என்பதும் தமிழ் வரலாற்றில் ஐயமற்ற செய்திகள். தூபியைக் கண்டவுடன் பெருமைப்படுவோரும் அச்சப்படுவோரும் ஒருங்கே மறந்துவிடும் செய்திகளும் இவையே.

இத்தகைய கண்டெடுப்புகளில் ஒரு பகுதியைப் பார்க்க யாழ்ப்பாணத்துக்குச் செல்ல வேண்டும். நாவலர் வீதியில், நாவலர் மண்டபத்துக்குப் பின்புறமாக அமைந்துள்ள தொல்பொருட்காட்சிசாலை, வெளியூரிலிருந்து வருவோர் வழி கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டிய அளவுக்கு அடக்கமான கட்டடமாகும். கந்தரோடையில் கிடைத்த கல்லுருவங்கள், மட்பாண்டங்கள், பழைய பல்லக்கு, கோயில்களுக்குரிய மரச் சிற்பங்கள், கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்ட பீரங்கிகள், கரையொதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புகள் ஆகியன அங்கு ஒரே கூரையின் கீழ் நெருக்கமாக வைக்கப்பட்டுள்ளன. ஒழுங்குமுறையை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறக்கூடும். ஆயினும் பொருள்களுக்கு மிக அருகில் நின்று பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பும், கேட்டால் விளக்கம் சொல்லும் ஊழியர்களும் பெரிய நகரங்களின் பளபளப்பான கூடங்களில் கிடைக்காதவை. பாடசாலைப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இதற்கு ஒரு மணி நேரமேனும் ஒதுக்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் குடாநாட்டில் வேறு முயற்சிகளும் எழுந்துள்ளன. நாவற்குழியில், திருவாசகம் கருங்கல்லில் பொறிக்கப்பட்ட திருவாசக அரண்மனைக்கு அருகில், ஆறு. திருமுருகன் அவர்களைத் தலைவராகக் கொண்ட சிவபூமி அறக்கட்டளை 2020 இல் ஒரு நூதனசாலையைத் திறந்தது; யாழ்ப்பாண மன்னர்களின் உருவங்களும், ஊரவர் கையளித்த புழங்குபொருள்களும் அதில் இடம்பெற்றுள்ளன. அரச ஆதரவின்றி மக்களின் கொடையால் எழுந்தது என்ற வகையில் அது பாராட்டத்தக்கது. புதிதாகச் செய்த உருவச்சிலைகளையும் பழைய பொருள்களையும் பார்வையாளர் வேறுபடுத்தி அறிய வேண்டிய இடமும் அதுவே. யாழ்ப்பாணக் கோட்டையில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வருவதற்கு முன்னரே கடல் வணிகத்தோடு தொடர்புடைய குடியிருப்பு இருந்ததை அண்மைய அகழாய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. ஆகவே கோட்டையின் மதில்மேல் மாலைக் காற்று வாங்கச் செல்பவர் காலடி மண்ணையும் நூதனசாலையாகவே கொள்ளலாம். இந்திய அரசின் நன்கொடையால் பொது நூலகத்துக்கு அருகில் எழுந்து, 2025 இல் திருவள்ளுவர் கலாசார மையம் எனப் பெயர் சூட்டப்பட்ட கட்டடத்திலும் இரண்டு தளங்கள் நூதனசாலைக்கெனத் திட்டமிடப்பட்டன. அந்நூலகத்தின் பெயர் வந்தவுடன் 1981 இல் அங்கு எரிந்த 97,000 அளவிலான நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் நினைவுக்கு வருவது இயல்பு. வடக்கில் பழைய பொருள்களின் தொகுதிகள் ஏன் மெலிந்திருக்கின்றன என்று கேட்கும் இளையோருக்குச் சொல்ல வேண்டிய விடையின் ஒரு பகுதி அது.

மானிப்பாயின் பங்கு மண்ணுக்குள் கிடந்தவற்றோடு முடிவதில்லை. அமெரிக்க மிஷனின் அச்சகம் அங்கு இயங்கியது. 58,500 சொற்களைக் கொண்ட யாழ்ப்பாண அகராதி 1842 இல் அங்கு அச்சானதனால் அது மானிப்பாய் அகராதி என்றே இன்றும் அறியப்படுகிறது. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவப் பள்ளியும் நடத்திய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ சுகரணம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய பாடநூல்கள் அவரது முயற்சியால் வெளிவந்தன. இரணவைத்தியம் என்பது அறுவை மருத்துவம். சுகரணம் என்பது உடலின் இயக்கத்தை விளக்கும் உடற்றொழிலியல். கெமிஸ்தம் என்பது இரசாயனம். அவருடைய தமையனார் அண்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் மெட்ரோபொலிற்றன் கலை அருங்காட்சியகமும் உருவாக உழைத்த முன்னோடிகளுள் ஒருவர். ஒரே வீட்டில் பிறந்த இருவருள் ஒருவர் கால்வைத்த நகரில் உலகின் மிகப் பெரிய நூதனசாலைகள் இரண்டு எழுந்திருக்க, மற்றவர் கால் நூற்றாண்டு உழைத்த ஊரில் அவர் பதிப்பித்த நூல்களையும் அக்கால மருத்துவக் கருவிகளையும் ஒழுங்காகப் பார்வைக்கு வைக்கும் நூதனசாலை இதுவரை எழவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

இதற்குப் பெரும் பணம் வேண்டுமென்பதில்லை. அகழ்ந்த இடத்துக்கு அருகிலேயே கண்டெடுத்த பொருள்களை வைப்பதைக் கள நூதனசாலை என்பர். தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2023 இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் இம்முறைக்கு அண்மைய எடுத்துக்காட்டு. வைகைக்கரையில் குழியைப் பார்த்தவர் அதே நாளில் குழியிலிருந்து வந்த பகடைக்காயையும் பானை ஓட்டில் கீறிய பெயரையும் பார்த்துவிடலாம். ஆனைக்கோட்டை, கந்தரோடை, மானிப்பாய் மூன்றையும் ஒரே முற்பகலில் சைக்கிளிலேயே சுற்றிவர முடியும் என்ற நிலையில், மூன்றுக்கும் பொதுவான ஒரு கள நூதனசாலைக்கு மானிப்பாயைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஏ-9 வீதி வழியே தெற்கே செல்லும்போது வவுனியாவில் ஒரு சிறு தொல்பொருள் நூதனசாலை உண்டு. வன்னி நிலத்தில் கிடைத்த சிலைகளைப் பார்க்க அரை மணி நேரம் போதும். அனுராதபுரத்தில் கூடங்கள் பலவாயினும் நேரம் குறைந்தவர் ஜேதவன நூதனசாலையைத் தேர்வது நல்லது. ஜேதவன விகாரை வளாகத்தில் அகழ்ந்தெடுத்த மணிகள், மிக நுணுக்கமான பொன் வேலைப்பாடுகள், வெளிநாட்டு மட்கலத் துண்டுகள், நாணயங்கள் ஆகியன, மதநூல்களில் துறவிகளின் நகரமாகத் தோன்றும் அனுராதபுரம் வணிகர்களின் நகரமாகவும் இருந்ததைக் காட்டுகின்றன. அந்நகரின் அபயகிரி விகாரைப் பகுதியில் கூடத்துக்குள் எடுத்துச் செல்ல முடியாத ஒரு சான்று பாறையிலேயே உள்ளது. தமிழ் இல்லறத்தார் எழுப்பிய மண்டபத்தின் கல்வெட்டு அது. பிராகிருத மொழியில் பிராமி எழுத்தில் அமைந்த அதில், தமிழர்களுக்குரிய இருக்கைகள் அவரவர் பெயரோடு குறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் கப்பல் தலைவன் ஒருவனும் உண்டு. வழிகாட்டிகள் தாமாக இதைக் காட்டுவது அரிது. கேட்டுப் பெற வேண்டும்.

பொலன்னறுவையில் தமிழ்ப் பயணி ஒரு முழு நாள் தங்குவது தகும். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் இராசராசனின் படையெடுப்புக்குப் பின்னர் சோழர் அனுராதபுரத்தை விட்டு இந்நகரையே தலைநகராக்கி, சனநாதமங்கலம் எனப் பெயரிட்டு, 1070 இல் முதலாம் விசயபாகு அவர்களை வெளியேற்றும் வரை ஆண்டனர். அவர்கள் எழுப்பிய வானவன்மாதேவீச்சரம் என்னும் கற்கோயில், தொல்பொருள் திணைக்களத்தின் கணக்கில் இரண்டாம் சிவாலயம் என்ற வறண்ட பெயரோடு, தஞ்சைப் பகுதிக் கோயிலொன்று வழிதவறி வந்து நிற்பதுபோல இன்றும் முழுமையாக நிற்கிறது. இந்நகரின் சிவாலயங்களை அகழ்ந்தபோது, இலங்கையின் முதல் தொல்பொருள் ஆணையாளரான எச்.சி.பி. பெல் 1907, 1908 ஆம் ஆண்டுகளிலும், பின்னர் 1960 இல் திணைக்களத்தினரும், மண்ணுக்குள் புதைத்து வைக்கப்பட்டிருந்த வெண்கலத் திருமேனிகளை வெளியே எடுத்தனர். நடராசர், உமையம்மை, அடியார் உருவங்கள் எனப் பல வகையானவை அவற்றுள் அடங்கும். அவற்றில் ஒரு பகுதி பொலன்னறுவை நூதனசாலையிலும், மற்றொரு பகுதி கொழும்பிலும் உள்ளன. காரைக்கால் அம்மையாரின் மெலிந்த திருவுருவத்தை அறிந்தவர் ஒருவருக்கு அவ்வரிசையில் அம்மையார் தாளமிட்டு அமர்ந்திருக்கும் கோலம் விளக்கம் எதுவும் வேண்டாமலே விளங்கும். அறியாத பயணிக்கு அது எலும்புந்தோலுமான ஒரு பெண்ணுருவமாக மட்டுமே தோன்றும்.

இவ்வெண்கலங்கள் சோழநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டனவா, பொலன்னறுவையிலேயே வார்க்கப்பட்டனவா என்பது நூறாண்டு கடந்த விவாதமாகும். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பப் பின்னணி கொண்ட இருவர் அவ்விவாதத்தின் தொடக்கத்தில் நிற்கின்றனர்: 1914 இல் கொழும்பு நூதனசாலையின் வெண்கலங்கள் பற்றிய நூலை வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி, 1917 இல் பொலன்னறுவை வெண்கலங்களையும் சிவ வழிபாட்டையும் பற்றி விரிவாக எழுதிய சேர் பொன்னம்பலம் அருணாசலம். குமாரசுவாமி பின்னர் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் 1917 முதல் 1947 இல் மறையும் வரை பணியாற்றியவர். முப்பது ஆண்டுகளை நூதனசாலைக்குள் கழித்த அவரே, பழங்காலக் கலைப்பொருள்கள் எவையும் காட்சிக்கு வைப்பதற்காகச் செய்யப்படவில்லை, ஒவ்வொன்றும் ஒரு பயனுக்காகவே செய்யப்பட்டது என்பதை வலியுறுத்திவந்தார். திருமஞ்சனமும் பட்டும் மாலையும் இல்லாமல் கண்ணாடிக்குப் பின்னே நிற்கும் உற்சவ மூர்த்தியின் முன் நின்றால் அவர் கூற்றின் உண்மை விளங்கும். அத்திருமேனியின் அடிப்பீடத்தில் உள்ள துளைகள் வீதியுலாவின்போது தண்டுகளைக் கோத்துத் தூக்குவதற்கானவை என்பதை உடன்வரும் பிள்ளைகளுக்குக் காட்டினால், பொருளுக்கு அதன் பயன் மீண்டுவிடும்.

அதே நகரில், புனிதத் தந்தம் வைக்கப்பட்டிருந்த ஆலயத்தின் அருகே நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டையும் தவறவிடக் கூடாது. வேளைக்காரர் என்போர் அரசனுக்கு உயிர்கொடுத்துக் காப்பதாக உறுதியேற்ற படைவீரர். பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் தமிழில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, புத்தரின் தந்தம் இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை அவர்கள் ஏற்றதைப் பதிவு செய்கிறது. இந்நாட்டின் வரலாற்றை இரண்டு நிறங்களால் மட்டும் தீட்ட விரும்புவோருக்கு இக்கல் மிகவும் இடைஞ்சலானது.

சீகிரியாவில் 2009 இல் யப்பானின் உதவியோடு திறக்கப்பட்ட நூதனசாலை, குன்றின்மேல் ஏற இயலாத முதியோருக்கு ஓவியங்களின் பிரதிகளைக் காட்டுகிறது என்பதைத் தவிர அதிகம் சொல்வதற்கில்லை. கண்டியில், அரசியரின் மாளிகையாக இருந்த பல்லே வாசல கட்டடத்தில் இயங்கும் தேசிய நூதனசாலை கண்டியரசின் நகை, ஆயுதம், ஓலைச்சுவடி முதலியவற்றுக்குப் பெயர்பெற்றது. ஆயினும் மலைநாட்டில் கட்டாயம் பார்க்க வேண்டியவை தேயிலையோடு தொடர்புடைய இரண்டு இடங்களாகும். அவற்றை அடுத்தடுத்துப் பார்ப்பதே முறை.

முதலாவது, கண்டி ஹந்தானையில் உள்ள இலங்கைத் தேயிலை நூதனசாலை. 1925 இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையே 2001 இல் நான்கு மாடி நூதனசாலையாக்கப்பட்டது. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் முதன்முதலாக வணிக அளவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருள்கள், கொழுந்தை உருட்டும் இயந்திரங்கள், உலர்த்தும் அடுப்புகள், நீராவி இயந்திரங்கள் என யாவும் துலக்கமாக வைக்கப்பட்டுள்ளன. இலை எவ்வாறு தேயிலைத் தூளாகிறது என்பதை இவ்வளவு தெளிவாக விளக்கும் இடம் வேறில்லை. ஆனால் அந்த இலையைப் பறித்த கைகளின் வரலாற்றை அங்கு தேடினால் குறைவாகவே கிடைக்கும்.

அதற்கு இரண்டாவது இடத்துக்குச் செல்ல வேண்டும். கம்பளைப் பகுதியில் உள்ள பீகொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை, தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த பழைய லயத்திலேயே அமைந்துள்ளது. லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். ஓர் அறைக்குள் நின்று, அதில் ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து உண்டு உறங்கிப் பிள்ளை பெற்றது என்பதை அறிந்துகொள்வதற்கு விளக்கப் பலகை தேவையில்லை. கொழுந்துக் கூடை, தப்பு, காமன்கூத்து முதலிய கலைகளுக்குரிய பொருள்கள், தொழிற்சங்க ஆவணங்கள், 1948 இன் குடியுரிமைச் சட்டத்தாலும் 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தாலும் அலைக்கழிந்த குடும்பங்களின் கடவுச்சீட்டுகள் போன்றவை அங்கு சேர்க்கப்பட்டுள்ளன. இலங்கையும் இந்தியாவும் பங்கு போட்டுக்கொண்ட மக்களின் உடைமைகள் இவை. நாட்டின் பெரிய நூதனசாலைகளில் அரசர்களின் பொருள்களே நிறைந்திருக்க, உழைத்தவர்களுக்கென, அவர்கள் வாழ்ந்த சுவர்களுக்குள்ளேயே ஏற்படுத்தப்பட்ட இந்தக் கூடம் அளவில் சிறியதாயினும் கருத்தில் மிக முன்னேறியதாகும். வடக்கிலிருந்து நுவரெலியாவுக்குக் குளிர்ச்சியை நாடிச் செல்லும் குடும்பங்கள், வழியில் இரண்டு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால் போதும்.

கொழும்புத் தேசிய நூதனசாலைக்குள் நுழைவோரில் பெரும்பாலோர் நேரே கண்டியரசின் சிம்மாசனத்தைப் பார்க்கவே செல்கின்றனர். அதன் உடைமை வரலாறு, தனியே ஒரு நூலாகும் தகுதி உடையது. ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் ரீ 1693 இல் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்கு அதை அன்பளிப்பாக அனுப்பினார். கண்டியரசின் கடைசி மன்னர்களான நாயக்கர்கள் அதில் வீற்றிருந்தனர். 1815 இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டபின் சிம்மாசனம் இங்கிலாந்துக்குச் சென்று வின்சர் மாளிகையில் இருந்தது. 1934 இல் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. ஒல்லாந்தர் கொடுத்து, தென்னிந்திய வம்சத்தார் அமர்ந்து, ஆங்கிலேயர் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்த ஆசனமே இன்று சிங்கள அரசுரிமையின் சின்னமாக நிற்கிறது. அதை அனுப்பிய வான் ரீ வாழ்ந்த மாளிகையும் கொழும்பிலேயே, புறக்கோட்டையின் பிரின்ஸ் வீதியில், 1982 முதல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாக இயங்குகிறது. துணிக்கடைகளின் சந்தடிக்கு நடுவே இருப்பதனால் அதைக் கடந்து செல்வோரிற் பலர் அறிவதில்லை.

சிம்மாசனத்தின் முன் கூடும் கூட்டம், கல்வெட்டுகள் வைக்கப்பட்டுள்ள பகுதிக்கு வருவதில்லை. தமிழறிந்த பயணி தன் நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டிய இடம் அதுவே. கேகாலை மாவட்டத்துக் கொட்டகமவில் கிடைத்த, யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்தியின் வெற்றியைப் பாடும் தமிழ்ச் செய்யுள் பொறித்த கல், யாழ்ப்பாண அரசின் செல்வாக்கு ஒரு காலத்தில் தெற்கே எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்குச் சான்றாக இருக்கிறது. அதனினும் வியப்புக்குரியது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனப் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே நிறுவுவித்த, 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல், 1911 இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்த்துப் போடப்பட்டிருந்த நிலையில் தோமலின் என்னும் பொறியியலாளரால் அடையாளங் காணப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்ட அதில், ஏறத்தாழ ஒரே அளவான பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் ஆகிய காணிக்கைகள் மூன்று தெய்வங்களுக்குத் தனித்தனியே அளிக்கப்படுகின்றன: சீனப் பகுதியில் புத்தருக்கு, தமிழ்ப் பகுதியில் தெய்வேந்திரமுனையில் எழுந்தருளிய தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதியில் இசுலாத்தின் இறைவனுக்கு. இந்துமாக்கடலின் வணிகத்தில் யாரோடு பேச எந்த மொழி வேண்டும் என்பதைச் சீனர் அறிந்திருந்தனர் என்பதும், தென்னிலங்கையின் கோடியில் அன்று தமிழ் அத்தகைய மொழிகளுள் ஒன்றாக இருந்தது என்பதும் இக்கல்லிலிருந்து பெறப்படும். காலத்தால் தேய்ந்த எழுத்துகளை வாசிப்பது கடினம். ஒளி சாய்வாக விழும் வேளையில் பக்கவாட்டில் நின்று நோக்கினால் சில எழுத்துகள் தெளியும்.

கல் கிடைத்த காலி நகருக்குச் செல்வோர், கோட்டைக்குள் ஒல்லாந்தரின் பெரும் பண்டகசாலையில் அமைந்த கடல்சார் தொல்பொருள் நூதனசாலையைப் பார்க்கலாம்; 1659 இல் அத்துறைமுகத்தில் மூழ்கிய ‘அவொண்ட்ஸ்ரர்’ என்னும் ஒல்லாந்தக் கப்பலிலிருந்து சுழியோடிகள் எடுத்த பொருள்கள் அங்கு உள்ளன. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அச்சேகரிப்பில் பெரும் பகுதியை அழித்த பின்னர், 2010 இல் அது மீண்டும் திறக்கப்பட்டது.

இலங்கைப் பொருள்களுள் சிறந்தவை யாவும் இலங்கையில் இல்லை. கிழக்குக் கரையில் கிடைத்ததாகக் கருதப்படும், பொன்முலாம் பூசிய 143 சென்ரிமீற்றர் உயரத் தாரை தேவியின் சிலையை ஆளுநர் பிரவுண்ரிக் 1830 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு வழங்கினார்; கொழும்பில் இருப்பது அதன் பிரதியே. வடமராட்சியின் வல்லிபுரத்தில் கிடைத்த புத்தர் சிலை ஒன்று 1906 இல் ஆளுநர் ஹென்றி பிளேக்கினால் சீயத்து மன்னருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டது. போனவை திரும்பி வருவதற்கும் முன்னுதாரணம் ஏற்பட்டுள்ளது. 1765 இல் கண்டியைச் சூறையாடிய ஒல்லாந்தர் கொண்டுசென்று அம்ஸ்ரர்டாம் றைக்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த லெவுக்கே திசாவையின் அணிவேலைப்பாடுடைய பீரங்கி உட்பட ஆறு பொருள்கள் 2023 டிசெம்பரில் கொழும்பில் ஒப்படைக்கப்பட்டன. கொழும்பு லண்டனிடமும் அம்ஸ்ரர்டாமிடமும் கேட்கும் இதே நியாயத்தை, யாழ்ப்பாணமும் கம்பளையும் பொலன்னறுவையும் கொழும்பிடம் கேட்கலாமல்லவா என்ற வினா, அவ்வேளையில் தலைநகரின் நாளேடுகளில் எழவில்லை.

புறப்படுவோர் அறிய வேண்டிய நடைமுறைச் செய்திகள் சில. உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு உண்டு. தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருப்பது நல்லது. புலம்பெயர்ந்து வாழ்வோர் வெளிநாட்டுக் கட்டணத்துக்கு ஆயத்தமாகவே செல்ல வேண்டும். பொது விடுமுறை நாள்களிலும் போயா தினங்களிலும் கதவு மூடியிருக்கக்கூடும் என்பதனால் முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது பயணம் வீணாவதைத் தவிர்க்கும். விளக்கப் பலகைகளில் தமிழ் இல்லாத இடத்திலும், இருந்தும் பிழையாக உள்ள இடத்திலும், வாயிலில் உள்ள பார்வையாளர் பதிவேட்டில் அதைத் தமிழிலேயே எழுதிவிட்டு வருவது பயனுள்ள பழக்கமாகும். நேரமும் பணமும் ஓர் இடத்துக்கு மட்டுமே இடந்தருமாயின், சிம்மாசனத்தைக் காணக் கொழும்புக்கு ஓடுவதைவிடப் பொலன்னறுவையில் இறங்குவதே மேல். கோயிலும் திருமேனியும் கல்வெட்டும் கிடைத்த மண்ணிலேயே ஒரு நாள் நடையில் பார்க்கக் கிடைப்பது இலங்கையில் அங்கு மட்டுமே.